மோதலும் தீர்ப்பும்: ஐஸ் ஹொக்கி விதிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு விளையாட்டின் விதிகளை ஆராயுமிடத்து, அதனை ஆடும் சமூகம் எத்துணை வன்முறையைப் பொறுத்துக்கொள்கிறது என்பது புலப்படும். ஐஸ் ஹொக்கி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1875 ஆம் ஆண்டு மொன்றியல் நகரில் முதன்முதலாகக் கூரையின்கீழ் ஒழுங்கமைந்த முறையில் ஆடப்பட்ட இவ்விளையாட்டிலே, பந்துக்குப் பதிலாக 'பக்' என்னும் வட்டு பயன்படுகிறது. ஆடவர் ஆட்டத்தில், வட்டை வைத்திருப்பவர்மீது தோளாலோ இடுப்பாலோ மோதுதல் குற்றமன்று. ஆகவே, மத்தியஸ்தர் முறையான மோதலையும் முறையற்ற மோதலையும் பிரித்தறிய வேண்டியவராகிறார். எதனைக்கொண்டு பிரித்தறிவது என்பதே பிரச்சினை.

1907 ஆம் ஆண்டு ஒன்ராறியோ மாகாணத்துக் கோண்வோல் நகரில், ஓவன் மக்கோட் என்னும் ஆட்டக்காரர் கைகலப்பொன்றிற் கோலால் தாக்கப்பட்டு இறந்தார். ஒட்டாவா அணியின் சார்ள்ஸ் மாசன்மீது வழக்குத் தொடரப்பட்டது. எனினும், உயிர் போக்கியது எவருடைய அடி என உறுதிப்படுத்த இயலாமையால் அவர் விடுதலையானார். நீதிமன்றம் செய்தவனைத் தேடிற்று. ஆட்டத்தின் வேகத்தில் அவனைக் காண்பது அரிதாயிற்று.

1933 டிசெம்பர் 12 ஆம் நாள் பொஸ்ரன் நகரில் நிகழ்ந்தது இதனினும் சிந்திக்கத்தக்கது. பொஸ்ரன் அணியின் எடி ஷோர் வீழ்த்தப்பட்டார். மத்தியஸ்தர் தண்டனை விதிக்கவில்லை. சினங்கொண்டெழுந்த ஷோர், ரொறன்ரோ அணியின் ஏஸ் பெய்லியைப் பின்புறமிருந்து மோதி வீழ்த்தினார். தம்மை வீழ்த்தியவர் அவரே எனத் தவறாக எண்ணினார் என்பது பரவலான கருத்து. மண்டையோடு உடைந்த பெய்லி உயிர் தப்பினாரெனினும் மீண்டும் ஆடவில்லை. ஷோருக்கு 16 ஆட்டங்கள் தடை விதிக்கப்பட்டது. 1934 பெப்ரவரி 14 ஆம் நாள் பெய்லிக்காக நடத்தப்பட்ட நிதியுதவி ஆட்டத்தில் இருவரும் கைகுலுக்கினர்.

2010 மார்ச் 7 ஆம் நாள் பிற்ஸ்பேக் அணியின் மற் குக், பொஸ்ரன் அணியின் மார்க் சவாட்டின் தலையில், அவர் காணாத பக்கத்திலிருந்து மோதினார். களத்திலும் தண்டனையில்லை; பின்னரும் தடையில்லை. அத்தகைய மோதலை விலக்கும் விதி அன்று இருக்கவில்லை. அதே மாதத்தில் தேசிய ஹொக்கி லீக் காணாத பக்கத்திலிருந்து தலையைத் தாக்குவதைத் தண்டனைக்குரியதாக்கியது. 2011 இல் அவ்விதி மேலும் விரிவாக்கப்பட்டது. இதுவே முக்கிய திருப்பமாகும். மோதியவன் எவ்வாறு மோதினான் என்பதோடு, மோதப்பட்டவனின் தலைக்கு என்ன நேர்ந்தது என்பதும், அதனைத் தவிர்த்திருக்கலாமா என்பதும் மத்தியஸ்தரின் ஆய்வுக்குரியவாயின.

எனினும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. கவனமின்றி உயர்த்திய கோல் எதிராளியின் முகத்திற் பட்டால் 2 நிமிடத் தண்டனை; காயம் ஏற்பட்டால் 4 நிமிடம். செயல் ஒன்றே, விளைவே தண்டனையை இரட்டிப்பாக்குகிறது. 2019-20 பருவகாலம் முதல், கைகலப்பு ஒழிந்த ஏனைய 5 நிமிடத் தண்டனைகளை மத்தியஸ்தர் ஒளிப்பதிவிற் பார்த்து உறுதிப்படுத்தவோ குறைக்கவோ வேண்டுமென விதிக்கப்பட்டது. ஒளிப்பதிவு நிகழ்ந்ததைக் காட்டும். நெஞ்சில் எண்ணியதைக் காட்டாது.

மக்கோட்டின் வழக்கு முதல் சவாட்டின் காயம் வரை நோக்குமிடத்து, எண்ணத்தை அளக்க முடியாத மனிதன், காக்க வேண்டிய உடலை அளவுகோலாகக் கொள்ளக் கற்றமை தெளிவாகின்றது. அதனைக் கற்பதற்கு நூறாண்டுக்கு மேலாயிற்று என்பதே இவ்வரலாறு நம்முன் வைக்கும் கசப்பான உண்மையாகும்.