சாவிக்கொத்திலிருந்து நோட்டுப் புத்தகத்துக்கு: மனநல நர்சிங் படிப்பின் கதை

தமிழ் சினிமா காமெடியில "கீழ்ப்பாக்கம் கேஸ்"னு ஒரு கிண்டல் உண்டு. நாம எல்லாருமே சிரிச்சிருக்கோம். ஆனா அதே கீழ்ப்பாக்கத்துல நைட் டூட்டி பார்க்கிற நர்ஸ் என்ன படிச்சிருப்பாங்கன்னு யோசிச்சிருக்கோமா? இன்னைக்கு எபிசோட் அந்தப் படிப்பைப் பத்தித்தான். பி.எஸ்சி. நர்சிங் முடிச்சிட்டு மனநலத்துல மேல படிக்க ஆசைப்பட்டு, வீட்டுல "அந்த ஆஸ்பத்திரியிலயா வேலை?"ன்னு கேட்கிறவங்க இருந்தா, இது முக்கியமா உங்களுக்கு.

கதை 1794-ல மெட்ராஸ்ல தொடங்குது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சர்ஜன் வேலன்டைன் கொனாலி அங்கே மனநோயாளிகளுக்காக ஒரு விடுதியை ஆரம்பிச்சார். 1871-ல கீழ்ப்பாக்கத்துல பெரிய அசைலம் வந்தது. 1922-ல அதுக்கு அரசு மனநல மருத்துவமனைன்னு பேர் மாத்தினாங்க. 1978-ல அது இன்ஸ்டிடியூட் ஆஃப் மென்டல் ஹெல்த் ஆச்சு.

போர்டு மாறின அளவுக்கு உள்ளே வேலை செய்றவங்களோட பயிற்சி மாறல. அசைலம் காலத்துல நோயாளி கூட நாள் முழுக்க இருந்தவர் ஒரு காவலாள். பூட்டுறது, திறக்கிறது, ஓடினா பிடிக்கிறது, இதுதான் வேலை. அவர் கையில இருந்த கருவி சாவிக்கொத்து.

1943-ல சென்னை மாகாணத்துல ஆண் நர்சிங் மாணவர்களுக்கு மூணு மாச மனநலப் பயிற்சி கொண்டுவந்தாங்க. காரணம் சுவாரஸ்யமானது. மாணவிகளுக்குப் பிரசவம் பார்க்கிற பயிற்சி இருந்தது. பையன்களுக்கு அது கிடையாது, அதுக்குப் பதிலா இது. அதாவது நம்ம ஊர்ல இந்தப் பாடம் முதல்ல வந்ததே ஒரு காலி இடத்தை நிரப்பத்தான். 1954-ல பெங்களூர்ல அகில இந்திய மனநல நிறுவனம், அதாவது இன்னைக்கு நிம்ஹான்ஸ், தொடங்கின பிறகு தனி டிப்ளமோ வந்தது. 1960-களின் நடுவுலதான் எல்லா நர்சிங் மாணவர்களும் மனநலம் படிச்சே ஆகணும்னு ஆச்சு.

சரி, இதுல படிக்க அப்படி என்ன இருக்கு? 1952-ல அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்ட் பெப்லாவ் ஒரு புத்தகம் வெளியிட்டாங்க. நர்சுக்கும் நோயாளிக்கும் இடையில இருக்கிற உறவே சிகிச்சையின் ஒரு பகுதிங்கிறதுதான் அதோட மையக் கருத்து. எழுதி முடிச்சு நாலு வருஷம் கழிச்சுத்தான் அது அச்சாச்சு. ஒரு டாக்டரின் பேர் கூட இல்லாம ஒரு நர்ஸ் தனியா புத்தகம் போடலாமான்னு அப்போ தயக்கம்.

அந்தச் சிந்தனை இன்னைக்கு நம்ம கல்லூரிகள்ல 'ப்ராசஸ் ரெக்கார்டிங்'ங்கிற பேர்ல ஒரு அசைன்மென்டா இருக்கு. மாணவி ஒரு நோயாளியோட பேசுவாங்க. அவர் சொன்னதையும், தான் பதிலுக்குச் சொன்னதையும் வார்த்தை மாறாம நோட்டுல எழுதணும். பக்கத்துல, ஏன் அப்படிச் சொன்னேன், அந்த நேரத்துல எனக்குப் பயமா, எரிச்சலா, அது பேச்சை எங்கே கொண்டுபோச்சுன்னு எழுதணும். ஆசிரியர் அதை வரிவரியா திருத்துவாங்க. ஒரு சாஃப்ட்வேர்காரனா எனக்கு இது கோட் ரிவியூ மாதிரி தெரிஞ்சது. ஒரே வித்தியாசம், இங்கே ரிவியூவுக்கு வர்றது நம்ம சொந்தப் பேச்சு.

இப்போ இதை ஒரு ஊர்ல வெச்சுப் பார்ப்போம். திருத்தணி. ஒரு பக்கம் சென்னையில கீழ்ப்பாக்கம், இன்னொரு பக்கம் வேலூர் சி.எம்.சி., ரெண்டுமே நூறு கிலோமீட்டருக்குள்ள. சி.எம்.சி.-யின் மனநல மையம் 1957-ல பாகாயத்துல தொடங்கினது. நோயாளியோட குடும்பத்துல ஒருத்தர் கூடவே தங்கணும்ங்கிறது அங்கே ஆரம்பத்துல இருந்தே வர்ற முறை. பூட்டி வெக்கிற அசைலத்துக்கு நேர் எதிரான யோசனை அது.

ஆனா திருத்தணியில இருந்து சுமார் 30 கிலோமீட்டர்ல சோளிங்கர் இருக்கு. "காத்து கருப்பு" பிடிச்சதுன்னு நினைக்கிறவங்களைத் தக்கான் குளத்துல குளிக்க வெச்சு, சின்ன மலை ஆஞ்சநேயர்கிட்ட கூட்டிட்டுப் போறது பல தலைமுறை வழக்கம். அந்த நம்பிக்கையைக் கேலி பண்றது என் நோக்கம் இல்ல. குடும்பம் முதல்ல போற இடம் கோயிலோ தர்காவோதான்னா, அங்கிருந்து அடுத்த படிக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போக யார் இருக்காங்கங்கிறதுதான் என் கேள்வி.

அப்படி யாரும் இல்லாத இடத்துல என்ன ஆகும்னு ஏர்வாடி காட்டுச்சு. 2001 ஆகஸ்ட் 6, விடியக்காலை. தர்காவை நம்பி வந்தவங்களைத் தங்க வெச்சிருந்த ஒரு தனியார் காப்பகத்துல தீ. சங்கிலியில கட்டியிருந்ததால அவங்களால ஓட முடியல. 28 பேர் இறந்தாங்க. சாவிக்கொத்து காலம் முடிஞ்சுதுன்னு நாம நினைச்சது தப்புன்னு அன்னைக்குத் தெரிஞ்சது.

2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவத்திலும் தடை செய்யுது. ஆனா அதே சட்டத்துல 'மனநல நர்ஸ்' யாருன்னு பாருங்க. பொது நர்சிங் டிப்ளமோ இருந்து பதிவு பண்ணியிருந்தாலே போதும். ஆள் பற்றாக்குறையில அதுக்கு ஒரு நியாயம் இருக்கு. ஆனா தனியா படிச்சு வர்றவங்களோட மதிப்பு அதுல மறைஞ்சு போகுது.

திருத்தணிக்கு இன்னொரு விஷயமும் உண்டு. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் அது ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்தது. எல்லையைக் கோடு போட்டு மாத்தலாம், வீட்டுப் பேச்சை மாத்த முடியாது. இன்னும் அந்தப் பக்கம் பல வீடுகள்ல தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேச்சு. கால் உடைஞ்சா எக்ஸ்ரே போதும், மொழி பெருசா வேண்டாம். "யாரோ என்னைக் கூப்பிடுறாங்க"ன்னு ஒருத்தர் பயந்து சொல்றதை அவர் மொழியிலதான் கேட்கணும். ரெண்டு மொழியும் தெரிஞ்ச அந்த ஊர்ப் பொண்ணோ பையனோ இந்தப் படிப்புக்கு வந்தா, அவங்க வேலையில பாதி அப்பவே தொடங்கிடுது.

வழி இதுதான்: பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம். பிறகு மனநல நர்சிங்ல ஒரு வருஷ டிப்ளமோ, இல்லைன்னா ரெண்டு வருஷ எம்.எஸ்சி. வீட்டுல கேட்டா, சாவிக்கொத்துக்காக இல்ல, அந்த நோட்டுப் புத்தகத்துக்காகப் போறேன்னு சொல்லுங்க.

உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ இப்பவே உதவி வேணும்னா, டெலி மானஸ் நம்பர் 14416. தமிழ்லயும் பேசலாம், தெலுங்குலயும் பேசலாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.