கையில் இருக்கும் பொருளுக்கு யார் பொறுப்பு? ஒரு விளையாட்டு விதியின் வரலாறு



உங்களில் சிலர் வீட்டுப் பிள்ளைகள் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறார்கள். பகடை உருட்டிக் கதை பேசும் இந்த விளையாட்டில் ஒரு சின்ன விதி உண்டு. அது நாற்பது வருடங்களில் மாறிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. அதனால் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

1974-இல் அமெரிக்காவில் இதை வெளியிட்டவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும். கைகாக்ஸ் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூர்க்காரர். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர், பிறகு செருப்புத் தைத்துப் பிழைத்தவர். முதலில் அச்சிட்டது 1000 பிரதிகள்தான். இருபது முகப் பகடை எங்கே கிடைத்தது தெரியுமா? பள்ளிகளுக்குக் கணிதப் பாடக் கருவிகள் விற்ற நிறுவனத்திடம்!

ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருப்பார்கள். நடுவர் ஒருவர் கதையை நடத்துவார். எதிரி தீப்பந்து வீசினால், மாட்டியவர் ஒருமுறை பகடை உருட்டலாம். தேவையான எண் விழுந்தால் தப்பலாம், அல்லது பாதிப்பு குறையும். இதற்குப் பெயர் 'சேவிங் த்ரோ'. பொம்மைப் படைகளை வைத்து ஆடிய போர் விளையாட்டுகளிலிருந்து வந்த வழக்கம் இது. பாறையில் சங்கிலியால் கட்டப்பட்டவனுக்கும் இந்த வாய்ப்பு ஏன் என்று சிலர் கேட்டார்கள். கடைசி நொடியில் ஒரு பிளவில் ஒதுங்கியிருக்கலாம், சங்கிலி அறுந்திருக்கலாம் என்று 1979 நூலில் கைகாக்ஸ் விளக்கம் சொன்னார்.

சரி, ஆள் தப்பினான். அவன் கையிலிருந்த சுவடி, மருந்துக் குப்பி, வாள் எல்லாம் என்ன ஆகும்?

1978 விதிப்படி, ஆள் தப்பினால் அவனிடம் உள்ள பொருள்களும் தப்பும். அவன் தோற்றால் பொருள்களுக்குத் தனித்தனியாக உருட்ட வேண்டும். அதற்காக 1979-இல் ஒரு பட்டியல் வந்தது. ஒரு பக்கம் எலும்பு, துணி, கண்ணாடி, தோல், உலோகம், தாள், மரம். மறுபக்கம் அமிலம், அடி, நெருப்பு, உறைபனி, மின்னல். எது எதைத் தாங்கும் என்பதற்கு ஓர் எண். இங்கே விதியைத் தீர்மானிப்பது பொருளின் இயல்பு. தாள் எரியும், இரும்பு நிற்கும். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் பத்துப் பொருள் வைத்திருந்தால் பத்து முறை உருட்ட வேண்டும். மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்தது ஒரே வேளையில் சாம்பலாகலாம்.

2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. தரையில் கேட்பாரற்றுக் கிடக்கும் சாதாரண வாளை மந்திரம் தாக்கினால் அதற்குத் தப்பும் வாய்ப்பே இல்லை. அதே வாளை ஒருவர் பிடித்திருந்தால், அவருடைய தாங்கும் வலிமையே வாளுக்கும் கணக்கு. பரவும் தீயிலோ, பிடித்திருப்பவர் 1 உருட்டினால்தான் பொருளுக்கு ஆபத்து. 'எதனால் செய்தது' என்ற கேள்வி போய், 'யார் பிடித்திருக்கிறார்' என்ற கேள்வி வந்துவிட்டது.

2014 பதிப்பு இன்னும் எளிது. தீப்பந்து பற்றவைப்பது யாரும் அணியாத, ஏந்தாத பொருள்களை மட்டும். கையிலிருப்பதற்குப் பகடையே வேண்டாம். ஆனால் உலோகத்தைச் சூடேற்றும் மந்திரத்தில் கதை தலைகீழ். பழுக்கக் காய்ந்த வாளைப் பிடித்திருப்பவர்தான் உருட்ட வேண்டும், தோற்றால் கீழே போட வேண்டும். பொருள் ஆளைத் தாங்குமா என்பதல்ல, ஆள் பொருளைத் தாங்குவாரா என்பதே சோதனை.

இயற்கையைப் பார்த்தால் 1979 பட்டியல்தான் சரி. நெருப்புக்கு, தாள் யார் கையில் இருக்கிறது என்று தெரியாதே! ஆனால் ஆடுபவருக்குத் தெரியும். உழைத்துச் சேர்த்தது தன் தவறு ஏதுமில்லாமல் போனால் அவர் அடுத்த வாரம் ஆட வரமாட்டார். பின்னால் வந்தவர்கள் இழப்பவரையும் நினைத்து விதியை எழுதினார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வீட்டில் ஆடும் பிள்ளை இருந்தால், எந்த விதி நியாயம் என்று கேட்டுப் பாருங்கள். காரணத்தையும் சொல்லச் சொல்லுங்கள். காரணம் சொன்னால்தான் முழு மதிப்பெண்!