வானிலிருந்து வந்த பாடம்

கல்விக்குக் கருவி துணை நிற்பது புதிதன்று. ஏடும் எழுத்தாணியும் ஒரு காலத்துக் கருவிகளே. ஆயினும் புதிய கருவி தோன்றும்போதெல்லாம், 'இனி ஆசிரியர் எதற்கு?' என்னும் வினாவும் உடன் எழுகிறது. அதற்கு விடை காண, நம் நாட்டில் அரை நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்த ஒரு சோதனையை நினைவுகூர்வோம்.

அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இரவல் பெற்று, 1975 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி கொண்டுசெல்லப்பட்டது. விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. 1971இல் அவர் மறைந்தபின், யஷ்பால் முதலிய அறிஞர்கள் அதனை நனவாக்கினர். பத்தடி அகலக் கம்பிவலைக் குடை, வானின் ஒளிபரப்பை நேரே வாங்கித் தந்தது. 5 முதல் 12 வயதுச் சிறார்க்குக் காலைதோறும் இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு என நான்கு மொழிகளில், மொழிக்கு 22½ நிமிடம் நிகழ்ச்சிகள் வந்தன. அண்டை மாநிலமாம் கருநாடகத்தில் பீஜப்பூர், குல்பர்கா, ராய்ச்சூர் மாவட்டங்கள் இப்பேற்றைப் பெற்றன. தமிழகம் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

1976 ஜூலை 31ஆம் நாளோடு இரவல் முடிந்தது. பல ஊர்களில் பெட்டிகள் ஊமையாயின. எனினும் ஒன்று எஞ்சியது. அவ்வோராண்டில் பல்லாயிரம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் தொலைக்காட்சி, வானொலி, அச்சிட்ட கையேடு, செய்முறை ஆகியவற்றின் துணையால் அறிவியல் கற்பிக்கப் பயின்றிருந்தனர். செயற்கைக்கோள் அகன்றாலும் அவர்கள் கற்றது அகலவில்லை.

இனி நம் எல்லைப்புறத்தை நோக்குவோம். சேலம்–சோலார்ப்பேட்டை இருப்புப்பாதையில் அமைந்த சாமல்பட்டி, கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் இல்லமொழிகளாய் வழங்கும் மாவட்டம் இது. 2018இல் தமிழகப் பாடநூல்கள் க்யூஆர் குறியீடுகளோடு வெளிவரத் தொடங்கின. 2019இல் கல்வித் தொலைக்காட்சி பிறந்தது. 2020இல் பெருந்தொற்று பள்ளிகளைப் பூட்டியபோது, பாடங்கள் திரை வழியே வீடு தேடி வந்தன. ஆனால் கற்றலில் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய, 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' எனத் தன்னார்வலரையே பிள்ளைகளிடம் அனுப்ப வேண்டியதாயிற்று.

வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் ஒரு மொழியும் கேட்கும் குழந்தை, எங்கே விளங்காமல் விழிக்கிறது என்பதை அதன் முகம் நோக்கி அறிபவர் ஆசிரியரே. திரை காட்டும், அவரே உணர்த்துவார். ஆகவே கருவிக்குச் செலவிடும்போது, அதனைக் கையாளும் ஆசிரியரின் பயிற்சிக்கும் செலவிடுவோம். இரவல் கோள் நமக்கு விட்டுச்சென்ற பாடம் அதுவே.