இரவல் வெளிச்சம்

தைலவண்ண உருவப்படம் நம்மிடையே தொழில் ரகசியமாகத்தான் பரவியது. நமது அரண்மனைச் சித்திரங்களின் பலமும் பலவீனமும் அந்த வரலாற்றிலேயே இருக்கின்றன.

சென்னையில் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி இருந்தது வாஸ்தவம். ஆனால் அதன் அக்கறை பெரும்பாலும் கைத்தொழில்களில். மன்னர் முகங்களை வரைந்த கைகள் வேறு வழியில் பழகின. மதுரை அழகிரி நாயுடு ஸ்வாதித் திருநாள் காலத்தில் திருவிதாங்கூர் போனார். அவரிடம் கற்றவர் கிளிமானூர் ராஜராஜ வர்மா. அவருடைய மருமகன் ரவி வர்மா (1848-1906). 1862இல் திருவனந்தபுரம் வந்த அந்தப் பையனுக்குத் தைலவண்ண வித்தையைச் சொல்லித்தர அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு மறுத்தார். அவரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளை மறைவாகச் சொல்லிக்கொடுத்தார். 1868இல் வந்த தியடோர் ஜென்சனும் கற்பிக்கவில்லை. தான் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார்.

ஆசிரியர் வாய் திறக்காதபோது படமே ஆசிரியர். மூலத்தைக் கட்டங்களாகப் பிரித்துத் துணிக்கு மாற்றுவது. மங்கிய பழுப்பில் நிழல்களை இடுவது. அது காய்ந்தபின் சதையின் நிறம். கடைசியில் மெல்லிய பூச்சுகள், ஜரிகை, கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் நாட்கணக்கில் ஈரமாயிருக்கும். மூலத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்தலாம். நகலெடுத்துக் கற்பதற்குத் தோதான ஊடகம்.

இப்படிக் கற்பவன் ஒன்றை மட்டும் கற்பதில்லை: வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்று தீர்மானிப்பதை. அதை மூலமே தீர்மானித்துவிட்டது. இருட்டுப் பின்னணி, ஒரு பக்கத்து ஜன்னல், பாதி முகத்தில் நிழல் - இது வட ஐரோப்பிய அறையின் வெளிச்சம். திறமையோடு சேர்ந்து அந்த ஜன்னலும் நம் சமஸ்தானங்களுக்குள் வந்துவிட்டது.

புதுக்கோட்டையும் விலக்கல்ல. ராமச்சந்திர தொண்டைமானின் (ஆட்சி 1839-1886) உருவத்தை ரவி வர்மாவே வரைந்திருக்கிறார். அந்த அரண்மனையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல். ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துக் குகையில், தூணொன்றில் முடி தரித்த ஓர் அரசன். அவன் பின்னால் அரசி. அங்கே ஜன்னல் இல்லை. கோடே முகத்தைத் திரட்டித் தருகிறது. தொண்டைமான் சீமையிலேயே ஓர் அரச உருவப்படம் ஆயிரம் வருஷமாக இருந்தது. கோபிநாத ராவும் ழூவோ-துப்ராயும் கவனித்து, 1920ஐ ஒட்டித்தான் வெளியுலகம் அதை அறிந்தது. அரண்மனைச் சுவருக்குத் தைலவண்ணம் ஏறியபோது, பக்கத்துக் குன்றின் ஓவியம் யாருடைய பயிற்சிக்கும் மூலமாகவில்லை.

நகலெடுப்பதே அடிமைத்தனம் என்று சொல்வது எளிது, தவறும்கூட. நமது சிற்பிகள் அப்படித்தான் கற்றார்கள். ரூபன்ஸ் ஐம்பது வயதைக் கடந்தபின், 1628-29இல், மாட்ரிடில் உட்கார்ந்து டிஷியனை நகலெடுத்தார். அவருக்குத் தெரிந்த மூலங்கள் பல. எதை எடுப்பது, எதை விடுவது என்பது அவர் கையிலிருந்தது. நம்முடைய ஓவியர்களுக்கு அந்தத் தேர்வு இல்லை. மறைத்து வைக்கப்பட்ட ஒரே மூலத்தைத் தட்டுத் தடுமாறி எட்டிப் பிடித்தார்கள். கிடைத்தற்கரியதாக இருந்ததாலேயே அது கேள்விக்கு அப்பாற்பட்டதாயிற்று. ரவி வர்மா 1894இல் அச்சகம் தொடங்கியபின் அவருடைய படங்களே ஊர் ஊராக அடுத்த தலைமுறையின் மூலங்களாயின. இரவல் வெளிச்சம் நாட்காட்டி வரை வந்து, நமது இயல்பான பார்வை என்றே பெயர் பெற்றுவிட்டது.

1969இல், காந்தி நூற்றாண்டில், ஆதிமூலம் காந்தியை வெறும் கோடுகளால் வரைந்தார். பிறகு மகாராஜாக்களையும் பேனா மையில் வரைந்தார். சமஸ்தானத்து உருவப்படத்தின் அதே விஷயம்தான். ஆனால் அந்த ஜன்னல் அடைபட்டிருந்தது. எதை மூலமாகக் கொள்வது என்று ஓவியன் தானே தீர்மானிக்கத் தொடங்கிய இடம் அது. ரவி வர்மாவின் கைத்திறனைப் பற்றி நாம் போதுமான அளவு பேசியாயிற்று. இனி எண்ணிப் பார்க்க வேண்டியது, பழகும் கையின் முன்னால் எந்தெந்தப் படங்கள் வைக்கப்படாமலே போயின என்பதை.