மன்னார்த் தீவின் இயற்கையெழில்: ஓர் ஒப்புநோக்கு

பிறந்த ஊரே பேரழகு வாய்ந்தது எனக் கருதுதல் மக்கட்கு இயல்பு. மலைநாட்டான் தன் குன்றையும் அருவியையும் புகழ்வான். மருதநிலத்தான் தன் வயலையும் வாவியையும் புகழ்வான். மணலும் வெயிலும் உவர்நீரும் மிகுந்த மன்னார்த் தீவிலே பிறந்தவன் எதனைப் புகழ்வான்? தீவின் வடகரையை அடுத்துள்ள எருக்கலம்பிட்டியின் பெயரே அந்நிலத்தின் இயல்பை உரைக்கின்றது. வறள்நிலத்துச் செடியாகிய எருக்கும், மணல்மேடாகிய பிட்டியும் அப்பெயரில் அமைந்துள்ளன. இத்தகைய நிலத்தின் எழிலைப் பிறநாட்டு எழிலோடு ஒப்பிடுதல் தகுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இலங்கையின் இயற்கையழகு என்றதும் பலர் நெஞ்சில் முதலில் எழுவது நுவரெலியாவே. ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில், பனியும் பசுமையும் போர்த்து விளங்கும் அவ்விடத்தின் வனப்பை மறுப்பார் இலர். ஆயினும், அங்கு காண்போர் கண்ணைக் கவரும் பசுமையிற் பெரும்பகுதி இயற்கை அளித்ததன்று. 1867இல் யேம்சு தெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராக்கிய பின்னர், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் உழைப்பால் விரிந்த பசுமை அது. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களும் அத்தகையனவே. சுண்ணக்கல்லைக் குடைந்து கிணறு தோண்டி நீர் இறைத்த உழவர் தந்த வனப்பு அது. ஆகவே, பசுமையொன்றையே அளவுகோலாகக் கொண்டு இயற்கையை அளப்பது பொருந்தாது.

பண்டைத் தமிழர் இவ்வுண்மையை நன்குணர்ந்திருந்தனர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்தையும் வாழ்வையும் இணைத்து வகுத்த அவர்கள், ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தினாரல்லர். ஒவ்வொரு திணைக்கும் அதற்குரிய பொழுதும் மரமும் புள்ளும் ஒழுக்கமும் உரியனவென்றனர். நெய்தலுக்கு உரிய ஒழுக்கம் இரங்கல். மன்னார் நெய்தல் நிலம்; ஆண்டிறுதி மாதங்களில் பெய்யும் வடகீழ்ப் பருவமழையையே பெரிதும் நம்பியிருத்தலின், எஞ்சிய காலத்தில் பாலையின் சாயலும் அதற்குண்டு. அதனை அவ்விலக்கணத்தாலேயே அளத்தல் வேண்டும்.

நெய்தல் என்ற வகையில் நோக்கின், மன்னாரின் எழில் கடல்வழி வந்த எழில் எனலாம். எதிர்க்கரையிலுள்ள மாந்தை, மாதோட்டம் என்னும் பெயருடன் பல நூற்றாண்டுகள் கீழைத்தேய, மேலைத்தேய வணிகர் கூடிய துறைமுகமாய் இருந்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அதன் அருகிலேயே உள்ளது. தீவின் தனியடையாளமாகிய பெருக்கமரம் ஆபிரிக்காவுக்கு உரியது. அராபிய வணிகர் கொணர்ந்ததாகக் கருதப்படுவது. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் அடிச்சுற்று ஏறத்தாழ 19 மீற்றர். மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதைகளும் அவ்வணிகரோடு வந்தவையென்பர். பயனற்றதெனத் தோன்றும் மணலிற்கூடச் சாயவேர் விளைந்தது. துணிக்குச் செந்நிறம் ஊட்டிய அவ்வேரை ஒல்லாந்தர் பெரிதும் விரும்பினர். 1560இல் போர்த்துக்கேயரும், 1658இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் இச்சிறு தீவைக் கைப்பற்றியமைக்கு அதன் கடலும் கடல்வழியுமே காரணமாயின.

அக்கடலின் முதற்பெருஞ் செல்வம் முத்து. 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. ஆயின், அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே பார்கள் வறிதாயின. பழைய பெருக்கம் பின்னர் மீளவில்லை. பாரசீக வளைகுடாவின் பகுரைன், குவைத்து முதலிய நாடுகளும் யப்பானிய வளர்ப்பு முத்தால் 1930ஆம் ஆண்டளவில் இதே வீழ்ச்சியைக் கண்டன. அவற்றை நிலநெய் தாங்கிற்று. மன்னாருக்கோ மீனும் பனையும் சங்குமே எஞ்சின.

கடல் கொடுப்பது போலவே கொள்வதும் உண்டு. தலைமன்னாரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில், மணற்றிட்டுக்களின் மறுமுனையில் உள்ளது தனுக்கோடி. 1914இல் புகைவண்டியும் கப்பலும் இவ்விரு கரைகளையும் இணைத்தன. 1964 திசெம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுக்கோடி அழிந்தது. பயணிகளோடு புகைவண்டியும் கடலுள் மறைந்தது. ஒரே மணலையும் ஒரே அலையையும் உடைய இரு கரைகளுள் ஒன்று பாழாயிற்று. மற்றொன்று ஊராய் நின்றது. மன்னாரின் அழகைப் பேசுவோர் இவ்வச்சத்தையும் உடன் பேசுதல் வேண்டும்.

ஆயினும், எருக்கலம்பிட்டியை வெறுமையாக்கியது கடலன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, இவ்வூர் மக்களும் தம் வீடுவாசல்களை விட்டு நீங்கினர். மன்னார்த் தீவு முஸ்லிம்கள் பலர் படகேறிக் கற்பிட்டியை அடைந்து, புத்தளத்துப் பகுதிகளில் குடியேறினர். இங்கே ஒப்புநோக்கு ஓர் அரிய உண்மையைக் காட்டுகின்றது. புத்தளத்து நிலம் மன்னாருக்குப் பெரிதும் வேறுபட்டதன்று. மணலும் களப்பும் உப்பளமும் தென்னையும் அங்கும் உண்டு. காட்சியொன்றே எழிலாயின், அம்மக்கள் எதனையும் இழந்திலர் என்று கூறிவிடலாம். அவ்வாறு கூற யாருக்கும் மனம் வராது. முன்னோர் அடக்கப்பட்ட மண்ணும், இளமையில் ஓடி விளையாடிய கரையும் வேறோரிடத்தில் கிடைப்பனவல்ல. 2009இற் போர் முடிந்த பின்னர் ஒரு பகுதியினர் மீண்டனர். புத்தளத்திலேயே வேரூன்றியோரும் பலர். பண்டையோர் நெய்தலுக்கு இரங்கலை உரிமையாக்கியதன் பொருள் இவ்விடத்தே நன்கு விளங்கும்.

மீளுதல் பற்றிய பாடத்தை ஆண்டுதோறும் புள்ளினங்கள் கற்பிக்கின்றன. பருவந்தோறும் வடபுலத்திலிருந்து நீர்ப்பறவைகள் மன்னார்க் களப்புகளுக்கு வருகின்றன. பூநாரைகள் ஆழமற்ற நீரிற் செந்நிறம் பரப்பி நிற்கின்றன. தீவுக்கு எதிரேயுள்ள வங்காலைப் புகலிடம் 2008இல் காப்பிடமாக்கப்பட்டு, 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. 2020இல் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் கொண்ட மின்னிலையம் இயங்கத் தொடங்கிற்று. காற்றும் மன்னாரின் இயற்கைச் செல்வமே. அதனைப் பயன்கொள்ளுதல் குற்றமன்று. ஆனால், பறவை வரும் வழியும், மீனவன் வலையிழுக்கும் கரையும், மணல் காக்கும் நன்னீரும் கெடுமாயின், முத்துப் பார்கள் வறிதான கதையே மீண்டும் நிகழும்.

மன்னார் நுவரெலியாவினும் அழகியதா என்னும் வினாவுக்கு விடை தேவையில்லை. திணை வேறு, எழில் வேறு. தன் நிலத்தின் இயல்பை அறிந்தவனே அதனைக் காக்க வல்லவன். பெருக்கமரம் வேற்றுநாட்டிலிருந்து வந்து வேரூன்றி, ஊருக்கே அடையாளமாயிற்று. வந்ததற்கு இடமளித்து, நீங்கியதற்கு இரங்கி, மீள்வதை வரவேற்பதே நெய்தலின் பண்பு. அப்பண்பு நிலைக்கும்வரை மன்னாரின் எழிலும் நிலைக்கும்.