கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்" என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வழங்கிவந்த பழமொழி. கவர்ண்மெந்து என்ற ஆங்கிலச் சொல்லே எம்மவர் நாவில் கோறணமேந்து ஆயிற்று. இதனைச் சுட்டி யாழ்ப்பாணத்தாரின் உத்தியோக மோகத்தை நகையாடுவோர் பலர். ஆனால் அந்த மோகத்தின் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. அதுதான் ஓய்வூதியம்.

1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினர். அதன் பின் வளர்ந்த ஆங்கிலக் கல்வி, ஆறில்லாத இக்குடாநாட்டின் பிள்ளைகளுக்கு எழுதுவினைஞர் வேலைக்கு வழி திறந்தது. அரசாங்க ஊழியரின் விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்குமான ஓய்வூதிய நிதி 1898ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் உருவானது. ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு 1901இல் வந்தது. 1905இல் கொழும்புக்கு நேரடி ரயில் பாதை நிறைவுற்றது. வேலை செய்யும்போது சம்பளம், ஓய்ந்தபின் பென்சன், கண்மூடியபின் மனைவிக்கும் ஒரு பிடி சோறு. தோட்டத்துக் கிணற்றையும் புகையிலை விலையையும் நம்பி வாழ்ந்த ஒரு சமூகம் இந்த மூன்றையும் பெரிதாக மதித்ததில் வியப்பென்ன?

ஆனால் அந்தக் குடைக்கு வெளியே நின்றவர்கள் பலர். சுருட்டுக் கொட்டிலில் குந்தியிருந்து சுருட்டுச் சுற்றியவருக்கு, சுற்றிய எண்ணிக்கைக்கே கூலி. கை தளர்ந்த நாளில் கூலியும் நின்றது. கடைச் சிப்பந்தியின் முதுமைக்கு முதலாளியின் மனமே காப்பு. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், தொழில்தோறும் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க வழி செய்தது. சுருட்டுத் தொழிலுக்கும் அவ்வாறு ஒரு சபை அமைந்தது. கூலிக்கு அளவு வந்தது. முதுமைக்கு ஏதும் வரவில்லை.

அது வந்த வழியை அறிய 1947ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். பென்சன் பெற்ற அரசாங்க எழுதுவினைஞருக்கு முழுமையான தொழிற்சங்க உரிமை அன்று இல்லை. அதனைக் கேட்டு அரசாங்க எழுதுவினைஞர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. வேறு பல துறைத் தொழிலாளரும் அப்போது போராட்டத்தில் இருந்தனர். ஜூன் 5ஆம் திகதி கொழும்பில் பொலிஸார் சுட்டதில் கந்தசாமி என்ற தமிழ் எழுதுவினைஞர் உயிரிழந்தார். அதே மாதத்தில் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. வேலைநிறுத்தம் தோற்றது. சங்கத்தின் தலைவராயிருந்த ரி. பி. இலங்கரத்ன அரசாங்க சேவையிலிருந்து நீக்கப்பட்டார்.

வேலையிழந்த இலங்கரத்ன அரசியலுக்கு வந்தார். 1956இல் பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் தொழில் அமைச்சரானார். அவர் காலத்தில்தான் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. ஊழியர் நூற்றுக்கு 4, முதலாளி நூற்றுக்கு 6 எனத் தொடங்கிய பங்களிப்பு இன்று 8, 12 என்றாகியுள்ளது. அரசாங்க மேசையில் இருந்தவர்கள் நடத்திய போராட்டத்தின் தலைவர், அந்த மேசைக்கு வெளியே நின்றவர்களின் முதுமைக்கு வழி செய்தார். ஒரே அரசின் சட்டமே அடுத்த ஆண்டுகளில் தமிழரை அரசாங்க மேசையிலிருந்து அகற்றலாயிற்று என்பதையும் மறத்தற்கில்லை. 1956இன் தனிச் சிங்களச் சட்டமும் அதே ஆட்சியின் படைப்பே.

குடாநாட்டில் இந்த நிதியின் பயனை உணர்த்திய இடங்களுள் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை முக்கியமானது. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய அத்தொழிற்சாலை பின்னர் கூட்டுத்தாபனத்தின் கீழ் வந்தது. அரச நிறுவனமே எனினும் கூட்டுத்தாபன ஊழியருக்கு உரியது சேமலாப நிதி. 1990இல் போர் அதனை மூடியது. ஊழியர்கள் இடம்பெயர்ந்தனர்; பலர் கடல் கடந்தனர். வீட்டோடு சம்பளத் தாள்களும் நியமனக் கடிதங்களும் போயின.

சேமலாப நிதிக்குப் பின் வந்த சட்டங்களையும் சொல்லிவைக்கிறேன். 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிச் சட்டப்படி முதலாளி மேலும் நூற்றுக்கு 3 செலுத்த வேண்டும். அதை ஊழியரின் சம்பளத்திற் கழிக்கலாகாது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்த இடத்தில் ஐந்து ஆண்டு பூர்த்தி செய்தவருக்கு, ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் உரியது. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2016இல் 10,000 ரூபாவாகச் சட்டமானது. 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும் 2026 ஜனவரி முதல் 30,000 ஆகவும் உயர்த்தப்பட்டது.

சட்டம் இவ்வளவு இருந்தும் அது ஏன் எல்லாக் கடை வாசலுக்கும் வருவதில்லை? பத்திரிகை வேலையில் நான் கண்ட விடை எளியது. எங்கள் ஊரில் முதலாளி பெரும்பாலும் தெரிந்தவர், சொந்தக்காரர், ஊரவர். "அண்ணை பார்த்துச் செய்வார்" என்று இருந்துவிடுகிறோம். அண்ணையும் தீபாவளிக்கு உடுப்பு வாங்கித் தருகிறார்; பிள்ளையின் கலியாணத்துக்கு உதவுகிறார். அந்த ஈரத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அண்ணை கடையை விற்றுவிட்டுக் கனடா போனால் அந்த ஈரமும் அவரோடு போய்விடும். கணக்கில் செலுத்திய பணம் ஊழியரின் பெயரிலேயே இருக்கும். பணிக்கொடைக்குப் பதினைந்து பேர் வேண்டும். சேமலாப நிதிக்கோ ஓர் ஊழியர் போதும். தற்காலிக ஊழியருக்கும், எண்ணிக்கைக் கூலிக்கு உழைப்பவருக்கும் அது உரியது. செலுத்தத் தவறும் முதலாளி மீது தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம்.

வெளிநாட்டில் இருந்து வாசிப்போருக்கும் ஒரு வார்த்தை. ஆண் உறுப்பினர் 55 வயதிலும் பெண் உறுப்பினர் 50 வயதிலும் வேலையிலிருந்து விலகித் தம் நிதியைப் பெறலாம். நிரந்தரமாக நாட்டைவிட்டுச் சென்றவரும் கோரலாம். உறுப்பினர் இறந்திருந்தால் அவர் நியமித்தவரோ சட்டபூர்வ வாரிசுகளோ கேட்கலாம். உங்கள் தகப்பனார் 1990க்கு முன் ஒரு கூட்டுத்தாபனத்திலோ கம்பனியிலோ வேலை செய்திருந்தால், பழைய பெட்டியில் அவரது உறுப்பினர் இலக்கம் உள்ள தாள் ஏதும் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அது அவர் உழைத்த பணம்.