முன்சிலுவைத் தசைநார் மறுவாழ்வுச் சிகிச்சை

முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுந்த விளையாட்டு வீரரை, அறுவைக்கு முந்தைய தயாரிப்பில் தொடங்கி மீண்டும் போட்டியில் இறங்கும் நாள்வரை படிப்படியாகத் தேற்றும் மருத்துவ முறை. ஏசிஎல் என்ற சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படும் இந்தத் தசைநாரின் காயம் கால்பந்து, கூடைப்பந்து, கபடி, பனிச்சறுக்கு ஆகியவற்றில் மிகுதியாக நேர்கிறது. பெரும்பாலும் எதிராளி மோதாமலே, ஓட்டத்தில் சட்டென்று நின்று திரும்பும்போதோ தாவி ஒற்றைக்காலில் இறங்கும்போதோ தசைநார் அறுகிறது. அறுவைக்குப் பின் காலை எவ்வளவு சீக்கிரம் அசைக்கலாம், எப்போது ஆடவிடலாம் என்ற இரு கேள்விகளுக்குக் காலந்தோறும் மாறிவந்த விடைகளே இச்சிகிச்சையின் வரலாறு.

காயத்தின் இயல்பு

தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் மூட்டின் நடுவில் பிணைக்கும் இரு தசைநார்கள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து செல்கின்றன. அவற்றுள் முன்னது, கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் அளவுமீறித் திருகாமலும் காக்கிறது. அறும் நொடியில் ‘டப்’ என்ற ஓசையைப் பலர் உணர்கிறார்கள். சில மணி நேரத்தில் மூட்டில் இரத்தம் கட்டி முழங்கால் வீங்குகிறது. வீக்கம் வடிந்தபின் நேராக நடக்க முடியும். ஆனால் திரும்பும்போது கால் பிடிப்பிழந்து மடங்குகிறது. அப்படி மடங்கும் ஒவ்வொரு முறையும் பிறைவடிவக் குருத்தெலும்பு கிழியும் அபாயம் உண்டு.

தோலில் பட்ட வெட்டைப்போல இந்தத் தசைநார் எளிதில் ஒட்டுவதில்லை. அறுந்த முனைகள் மூட்டு நீரில் மிதப்பதால், அவற்றை இணைக்கும் இரத்தக்கட்டி நிலைப்பது கடினம். எனவே வீரரின் உடலிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு ஒட்டாகப் பொருத்துகிறார்கள். சில்லெலும்புக்குக் கீழுள்ள நாணின் நடுப்பகுதி, தொடைப் பின்தசை நாண்கள், தொடை முன்தசை நாண் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன.

தொடக்கக் கால அறுவைகள்

பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் இத்தசைநார்களைக் குறிப்பிட்டிருக்கிறார். காயமாக இதை முறையாக ஆராய்ந்தவர் பிரான்சின் லியோன் நகர அறுவை மருத்துவர் அமெதே பொன்னே. 1845இல் வெளிவந்த அவரது மூட்டு நோய் நூல், அறும்போது கேட்கும் ஓசையையும் பின்வரும் வீக்கத்தையும் விவரித்தது. மூட்டை நெடுநாள் அசைக்காமல் வைப்பது கேடு என்றும் அவர் வாதிட்டார். ஆனால் மருத்துவ உலகம் அதற்குப் பிறகும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓய்வையே நம்பியது.

1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன், ஒரு சுரங்கத் தொழிலாளியின் அறுந்த சிலுவைத் தசைநார்களைத் தைத்தார். 1917இல் பிரிஸ்டலின் ஏர்னஸ்ட் ஹே குரோவ்ஸ், தொடையின் வெளிப்புறச் சவ்வுப் பட்டையைக் கொண்டு புதிய தசைநாரை அமைத்தார். 1963இல் அமெரிக்காவின் கென்னத் ஜோன்ஸ் சில்லெலும்பு நாணின் நடுப்பகுதியைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். தையலின் குறை 1976இல் தெளிவாயிற்று. வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளி மாணவர்களுக்குத் தைக்கப்பட்ட முழங்கால்களை ஐந்தாண்டுகளுக்குப் பின் ஜான் ஃபீகின் பரிசோதித்தபோது, அவற்றுள் பல மீண்டும் உறுதியிழந்திருந்தன. அதன்பின் ஒட்டு வைப்பதே வழக்கமாயிற்று. 1980இல் இங்கிலாந்தின் டேவிட் டான்டி, மூட்டு உள்நோக்கிக் கருவியின் துணையுடன் இந்த அறுவையைச் செய்தார். மூட்டை அகலத் திறக்காத இம்முறையில் திசுச் சேதம் குறைந்ததால், காலை முன்கூட்டியே அசைப்பதும் எளிதாயிற்று.

தசை வலிமையும் மாவுக்கட்டும்

மறுவாழ்வுச் சிகிச்சைக்கு அறிவியல் அடித்தளம் விளையாட்டுத் திடலிலிருந்து வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற படைவீரர்களுக்குச் சிகாகோவின் ராணுவ மருத்துவமனையில் சிகிச்சையளித்த தாமஸ் டிலார்ம், சூம்பிய தொடைத் தசைகளைப் பாரம் தூக்கவைத்துத் தேற்றினார். ஒருவர் பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய எடையைக் கண்டறிந்து, அதை அளவாக வைத்துச் சுமையைப் படிப்படியாகக் கூட்டும் அவரது முறை 1945இல் வெளியானது. இன்றைய வலுவூட்டல் பயிற்சிகள் அதன் வழிவந்தவையே.

ஆயினும் தசைநார் அறுவைக்குப் பின் காலை மாவுக்கட்டில் வைக்கும் வழக்கம் தொடர்ந்தது. வாரக்கணக்கில் மடங்கிய நிலையில் கிடந்த கால், கட்டைப் பிரித்தபின் நீளவும் மறுத்தது, மடங்கவும் மறுத்தது, தொடை மெலிந்துபோனது. கனடாவின் ராபர்ட் சால்டர் 1970களில் முயல்களைக் கொண்டு செய்த ஆய்வுகள், மூட்டைத் தொடர்ந்து மெல்ல அசைப்பது குருத்தெலும்பு ஆற உதவுவதைக் காட்டின. மூட்டுக்கு அசைவே உணவு என்ற கருத்து மெல்ல வேரூன்றியது.

1981இல் லோனி பாலோஸ், ஃபிராங்க் நோயஸ் குழுவினர் அறுவைக்குப் பிந்தைய திட்டம் ஒன்றைக் கட்டம் கட்டமாக வகுத்து வெளியிட்டனர். ஒட்டு ஆறும் வேகத்தையே அவர்கள் கடிவாளமாகக் கொண்டனர். எடை ஊன்றுவதும் கால் நீட்டுவதும் மெதுவாகவே அனுமதிக்கப்பட, திட்டம் ஏறக்குறைய ஓராண்டு நீண்டது.

அந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. பொருத்தப்பட்ட நாண் முதலில் இரத்த ஓட்டமின்றித் தன் உயிரணுக்களை இழக்கிறது. பிறகு சுற்றியுள்ள திசுக்களிலிருந்து இரத்தக் குழாய்களும் புதிய உயிரணுக்களும் உள்ளே நுழைகின்றன. மெல்ல மெல்ல அந்த நாண் தசைநாரின் இயல்பைப் பெறுகிறது. 1986இல் டேவிட் ஆமியல் குழுவினர் முயல்களில் இந்த மாற்றத்தை விளக்கினர். பொருத்திய நாளில் வலுவாக இருக்கும் ஒட்டு, அடுத்த சில வாரங்களில் தன் மிக நலிந்த நிலையை அடைவதை விலங்காய்வுகள் காட்டுகின்றன. வலியும் வீக்கமும் குறைந்து வீரர் தெம்பாக உணரத் தொடங்கும் காலமும் ஏறக்குறைய அதுவே.

விரைவு மறுவாழ்வு

1980களில் இந்தியானாபொலிஸ் நகர அறுவை மருத்துவர் டொனால்ட் ஷெல்போர்ன் தம் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தார். சொன்னபடி கேட்காமல் முன்கூட்டியே காலை ஊன்றி நடந்தவர்களின் முழங்கால்கள் நன்றாக நீண்டு மடங்கின. அவற்றின் உறுதியும் குறையவில்லை. இந்தக் கவனிப்பிலிருந்து பிறந்த திட்டத்தை 1990இல் அவரும் பால் நிட்ஸும் வெளியிட்டனர். அறுவை முடிந்த உடனேயே முழங்காலை முழுதாக நீட்டுதல், தாங்கும் அளவுக்கு எடை ஊன்றுதல், பாதம் தரையில் பதிந்த நிலையில் பயிற்சி ஆகியவை அதன் தூண்கள். ஆட்டத்துக்குத் திரும்பும் காலம் நான்கு முதல் ஆறு மாதங்களாகச் சுருங்கியது.

காயம்பட்டவுடன் அறுவை செய்யும் பழக்கத்தையும் ஷெல்போர்ன் கேள்விக்குள்ளாக்கினார். வீங்கிய முழங்காலில் முதல் வாரத்திலேயே கத்தி வைத்தால் மூட்டில் வடுத்திசு பெருகி இறுகுவது கூடுதலாக இருந்தது. மூன்று வாரங்கள் பொறுத்தால் அது குறைந்தது. வீக்கத்தை வடித்து, காலை நீளவைத்து, தொடை முன்தசையை உசுப்பிவிட்டபின் அறுவைக்கு அனுப்பும் இன்றைய வழக்கம் இங்கிருந்து வலுப்பெற்றது.

மாவுக்கட்டுக் காலம் இத்துடன் முடிந்தது. அதே நேரம், சீக்கிரம் அசைப்பது நல்லது என்பதிலிருந்து சீக்கிரம் ஆடுவதும் நல்லது என்ற முடிவுக்குப் பலர் தாவினர். இரண்டும் வேறு என்பதை அடுத்த தலைமுறை ஆய்வுகள் காட்டின.

இன்றைய நடைமுறை

முதல் இரண்டு வாரங்களின் முதன்மை இலக்கு காலை முழுதாக நீட்டுவது. நோயாளி மல்லாந்து படுத்து, சுருட்டிய துண்டின்மேல் குதிகாலை வைத்துக்கொள்கிறார். முழங்காலுக்கு அடியில் எதுவும் இருக்காது. மூட்டு தன் எடையாலேயே கீழிறங்குகிறது. பின்னர் தொடையை இறுக்கி முழங்காலைப் படுக்கையை நோக்கி அழுத்தி, சில நொடிகள் பிடித்து விடுகிறார். பார்க்கச் சாதாரணமான இந்தப் பயிற்சி தொடக்கத்தில் பலருக்குக் கைகூடுவதில்லை. மூட்டில் நீர் சேர்ந்திருந்தால் நரம்பு மண்டலம் அனிச்சையாகவே தொடை முன்தசையை அடக்கிவிடுவதே காரணம். தசையைச் சுருங்கச் செய்ய மின் தூண்டலும் பயன்படுகிறது. சில பாகை அளவுக்குக் கால் நீளாமல் நின்றாலும் நடை மாறும். ஆகவே இயன்முறை மருத்துவர்கள் இந்த இலக்கில் விட்டுக்கொடுப்பதில்லை.

தசையைத் தன்வயப்படுத்தி நொண்டாமல் நடக்க முடிந்தபின் ஊன்றுகோல் விலக்கப்படுகிறது. அடுத்து மிதிவண்டிப் பயிற்சி, அரைமண்டியிட்டு எழுதல், படியேறி இறங்குதல், ஒற்றைக்காலில் நிலைத்து நிற்றல் ஆகியவை வருகின்றன. மூன்று, நான்கு மாதங்களில், வீக்கமின்றிப் போதிய வலிமை பெற்றவர்கள் நேர்கோட்டில் மெல்ல ஓடத் தொடங்குகிறார்கள். பயிற்சிக்கு மறுநாள் முழங்கால் வீங்கினால் சுமை கூடிவிட்டது என்று பொருள். ஒரு படி பின்வாங்குவதே முறை. தாவுதல், வெட்டித் திரும்புதல், பந்துடன் பயிற்சி, அணியுடன் பயிற்சி ஆகியவை இறுதிப் படிகள்.

திரும்புவதற்கான அளவுகோல்கள்

காலம் மட்டுமே அளவுகோலாக இருந்த நிலையை, செயல்திறன் சோதனைகள் மாற்றின. இவற்றுள் புகழ்பெற்றவை 1991இல் நோயஸ் குழுவினர் ஆராய்ந்த ஒற்றைக்கால் தாவல்கள். தரையில் ஒட்டிய பட்டையின்மேல் வீரர் ஒற்றைக்காலில் ஒருமுறை தாவுகிறார். தொடர்ந்து மும்முறை தாவுகிறார். பட்டையை மாறிமாறிக் கடந்து மும்முறை தாவுகிறார். இறுதியாக 6 மீட்டர் தூரத்தைத் தாவித்தாவிக் கடக்கும் நேரம் அளக்கப்படுகிறது. காயம்பட்ட கால், மற்றக் காலின் திறனில் 90 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்பது பரவலான வரம்பு. தொடை வலிமைக்கும் இதே ஒப்பீடு உண்டு. ஆனால் மாதக்கணக்கில் ஆடாததால் நல்ல காலும் தளர்ந்திருக்கும். ஒப்பீடு மட்டும் நம்பிக்கையைப் பொய்யாகக் கூட்டக்கூடும். காயத்துக்கு முன் எடுத்த அளவுகள் இருந்தால் அவற்றோடு ஒப்பிடுவது மேல்.

2016இல் வெளியான இரு ஆய்வுகள் இத்துறையின் போக்கைத் தீர்மானித்தன. அமெரிக்காவின் டெலவேர், நார்வேயின் ஆஸ்லோ ஆய்வாளர்கள் இணைந்து 106 பேரைப் பின்தொடர்ந்தனர். ஒன்பது மாதம்வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுகாய வீதத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. சோதனைகளில் தேறாமல் திரும்பியவர்களில் 38.2 விழுக்காட்டினரும், தேறித் திரும்பியவர்களில் 5.6 விழுக்காட்டினரும் மீண்டும் முழங்கால் காயமுற்றனர். கத்தாரின் தோஹாவில் உள்ள ஆஸ்பெடார் மருத்துவமனை 158 தொழில்முறை ஆண் வீரர்களை ஆராய்ந்து, வகுத்த அளவுகோல்களை நிறைவு செய்யாதவர்களுக்கு ஒட்டு அறும் அபாயம் நான்கு மடங்கு என்று கண்டது. இதனால் காலம், சோதனை ஆகிய இரண்டும் சேர்ந்தே தேவை என்ற நிலை உறுதிப்பட்டது.

2015இல் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் கூடிய வல்லுநர்கள், திரும்புதலை ஒரே நாளின் நிகழ்வாகக் கருதாமல் மூன்று நிலைகளாக வகுத்தனர்: பயிற்சியில் பங்கேற்றல், போட்டியில் ஆடுதல், பழைய ஆட்டத்திறனை எட்டுதல். பெரிய போட்டிக்கு முன் சிறிய போட்டியில் உடலைச் சோதிப்பது இந்தப் படிமுறைக்கு இசைந்தது. 2022 செப்டம்பரில் வலது முழங்காலில் அறுவை செய்துகொண்ட கிரிக்கெட் வீரர் ரவீந்திர ஜடேஜா, 2023 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாட்டுக்கு எதிரான ரஞ்சிப் போட்டியில் சௌராஷ்டிரா அணிக்காக ஆடினார். இந்திய அணிக்காக நாக்பூர் டெஸ்டில் இறங்கியது அதற்கு அடுத்த மாதமே.

அமெரிக்கக் கால்பந்து வீரர் ஏட்ரியன் பீட்டர்சன் 2011 டிசம்பரில் தசைநார் அறுந்து, அடுத்த செப்டம்பரில் திரும்பி, அந்தப் பருவத்தில் 2,097 யார்டு ஓடி லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். இத்தகைய மீட்சி அரிது. 2014இல் வெளிவந்த தொகுப்பாய்வின்படி, அறுவை செய்துகொண்டவர்களில் 81 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு விளையாட்டுக்கும், 65 விழுக்காட்டினர் பழைய நிலைக்கும், 55 விழுக்காட்டினர் மட்டுமே போட்டி விளையாட்டுக்கும் திரும்பினர்.

மனத் தயார்நிலை

உடல் தேறியும் ஆடத் தயங்குவோர் பலர். மீண்டும் அறுந்துவிடுமோ என்ற அச்சம் அவர்களின் ஓட்டத்தையும் இறங்கும் முறையையும் மாற்றுகிறது. இதை அளக்க ஆஸ்திரேலியாவின் கேட் வெப்ஸ்டர், ஜூலியன் ஃபெல்லர் குழுவினர் 2008இல் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டனர். உணர்வு, தன்னம்பிக்கை, அபாயத்தைப் பற்றிய மதிப்பீடு ஆகியவற்றை அது கேட்டறிகிறது. அச்சத்தைக் கோழைத்தனமாகக் கருதாமல் சிகிச்சையின் பகுதியாக ஏற்றது இத்துறையின் முக்கியமான முன்னேற்றம்.

அறுவையின்றி மீள்தல்

அறுந்த தசைநார் அனைத்துக்கும் அறுவை தேவையா என்ற கேள்விக்குச் சுவீடனில் நடந்த ஆய்வு 2010இல் விடை தேடியது. 121 இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு உடனே அறுவையும், மற்றவர்களுக்கு முதலில் பயிற்சியும் தேவைப்பட்டால் பின்னர் அறுவையும் அளிக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகளில் இரு பிரிவினரின் முழங்கால் நிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. பயிற்சிப் பிரிவில் பாதிக்கும் மேற்பட்டோர் அதுவரை அறுவையின்றியே சமாளித்தனர். எனினும் வெட்டித் திரும்பும் ஆட்டங்களில் உள்ள போட்டி வீரர்களுக்கு அறுவையே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது.

தடுப்பும் மறுகாயமும்

ஆட்டத்துக்குத் திரும்பும் 25 வயதுக்குட்பட்ட வீரர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அதே காலிலோ மறுகாலிலோ மீண்டும் தசைநார் அறுகிறது. பெண்களுக்கு முதல் காயத்தின் அபாயமே ஆண்களைவிடக் கூடுதல். 2021, 2022 ஆண்டுகளில் பலோன் தோர் விருது பெற்ற ஸ்பெயின் கால்பந்து வீராங்கனை அலெக்சியா புடெல்லாஸ் 2022 ஜூலையில் இக்காயத்துக்கு ஆளாகி, ஏறக்குறைய பத்து மாதங்களுக்குப் பின்னரே களமிறங்கினார். ஃபிஃபாவின் ‘11+’ போன்ற முன்பயிற்சிகள் சரியாக இறங்குவதையும் முழங்கால் உள்வாங்காமல் திரும்புவதையும் பழக்கிக் காயங்களைக் குறைக்கின்றன. மறுவாழ்வு முடிந்தவர்கள் இப்பயிற்சிகளைத் தொடர்வது அவசியம். புதிய தசைநார் முதிர ஓராண்டுக்கும் மேல் ஆவதால், முதல் போட்டிக்குப் பிறகும் வலுவூட்டலும் கண்காணிப்பும் சிகிச்சையின் பகுதியாகவே தொடர்கின்றன.